துணிக்கூடையில் இறங்கிய களவா

பூன் லே
6 மே 2025

அன்பு லீலா,

நலமான்னுதான் ஆரம்பிக்கணும். ஆனா பதில் பேசமாட்டேன்னு நீ சீட்டு எழுதி வச்சிட்டுப் போயிருக்க. சனிக்கிழமை கடலுக்குப் போய், ஞாயித்துக்கிழமை சாயந்தரம் உப்புத் தலையோட வீட்டுக்கு வந்தா, மைலோ டப்பாவுக்கு அடியில அந்தச் சீட்டு. இதோட இருபது தடவை படிச்சிட்டேன். "நாப்பத்தெட்டு நாளைக்கு யாரோடயும் பேசமாட்டேன். போனையும் தொடமாட்டேன். தாரணி வீட்டுல இருக்கேன். நீங்க செஞ்சது உங்களுக்கே தெரியும்." அதுக்குக் கீழே என் மாத்திரை எந்த டிராயர்ல இருக்குன்னு மட்டும் அரைப் பக்கம்.

எனக்குத் தெரியலையே, லீலா! உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தேன். துணி காயப்போடுற மூங்கிலைப் போன மாசம் கீழே தவறவிட்டேனே, அதுவா? உன் தங்கச்சி பொண்ணு நிச்சயதார்த்தத்துல முன்வரிசையில தூங்கிட்டேனே, அதுவா? கடலுக்குப் போனதா இருக்கவே முடியாது. நீ கேட்டுக்கிட்ட மாதிரி ஒரு மீனைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டு வரலை. பிடிச்ச அத்தனையையும் கடல்லயே விட்டுட்டுத்தான் வந்தேன். படகுல என்னோட வந்த ஃபாரூக்கே "உன் பங்கையாவது எனக்குக் குடுய்யா"ன்னு திட்டினான்.

தாரணிக்குப் போன் போட்டேன். "அப்பா, நம்ம வீட்டுக்கு நான் மக, தபால்காரி இல்ல. ரெண்டு பேரும் ஸ்டாம்ப் ஒட்டிக்குங்க"ன்னு சொல்லி வச்சிட்டா. உன் மக, வேற எப்படிப் பேசுவா. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்துல உனக்கு நான் எழுதுற முதல் லெட்டர் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒண்ணும் புரியாமல்,
தனசேகரன்


ஃபேரர் பார்க்
9 மே 2025

என்னங்க,

லெட்டர் கிடைச்சுது. புரியலைன்னா புரியும்படி எழுதுறேன்.

போன வருஷம் ஜனவரியில உங்க நெஞ்சைப் பிளந்து பைபாஸ் பண்ணினாங்க. ஏழு மணி நேரம். அந்தக் கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு சிராங்கூன் ரோட்டு அம்மனுக்கு ஒரு வாக்குக் குடுத்தேன். "இவரைத் திருப்பிக் குடுத்துடு தாயே, இனிமே இவர் கையால ஒரு உயிர்கூடப் போகாது." அம்மன் குடுத்துட்டா. நீங்க கண்ணைத் திறந்ததும் சொன்னேன். "என்னைக் கேக்காம எப்படி லா?"ன்னு குதிச்சீங்க. அப்புறம் நீங்களே ஒரு வழி சொன்னீங்க. "பிடிப்பேன், விட்டுடுவேன். கொன்னாத்தானே பாவம்?" நானும் பைத்தியம் மாதிரி சரின்னேன்.

போன மாசம் ஃபாரூக் அண்ணன் வீட்டு ஹரி ராயா பெருநாள் விருந்துல அவர் சம்சாரம் ஹலீமா எனக்கு ஒரு வீடியோ காட்டினா. நீங்க ஒரு பெரிய களவா மீனைத் தூக்கி, "போயிட்டு வா ராசா"ன்னு கொஞ்சி, தண்ணியில விடுறீங்க. எல்லாரும் கைதட்டுறாங்க. நான் உங்களைப் பார்க்கலை, உங்களுக்குப் பின்னாடி பார்த்தேன். ஆறு மீன் வயித்தை மேல காட்டிக்கிட்டு மிதக்குது. கண்ணெல்லாம் பிதுங்கி, வாயில செவப்பா என்னமோ தொங்கிக்கிட்டு. ஒரு கழுகு வந்து ஒண்ணைத் தூக்கிட்டுப் போகுது. ராசாவும் நாலு துடிப்பு துடிச்சிட்டு அதுங்களோட போய்ச் சேர்ந்துட்டாரு.

ரெண்டே நாள்ல உங்களுக்கு நெஞ்சு வலி. டாக்டர் வெறும் கேஸ் ட்ரபிள்னுதான் சொன்னாரு, தெரியும். எனக்கு அம்மன்தான் கணக்குக் கேக்குறாளோன்னு பட்டுச்சு. அதுக்கப்புறமும் சனிக்கிழமை தூண்டில் ராடைத் தூக்கிட்டுக் கிளம்பினீங்களே!

அம்மன்கிட்ட நான் பேசின பேச்சுதான் பொய்யாப் போச்சு. அதனால அந்த வாயையே ஒரு மண்டலம் கட்டி வச்சிருக்கேன். ஜூன் 20 நாப்பத்தெட்டாவது நாள். அன்னிக்குத் திறக்கும்போது முதல் வார்த்தை உங்களுக்குத்தான். என்ன வார்த்தைன்னு முடிவு பண்ணி வச்சாச்சு. நல்ல வார்த்தை இல்லை.

மத்தியான மாத்திரையைச் சோத்துக்கு அப்புறம் போடுங்க.

லீலா


பூன் லே
12 மே 2025

கோவக்கார லீலாவுக்கு,

இப்பப் பாதி புரியுது, மீதி இன்னும் குழப்பமா இருக்கு.

நான் விட்டுட்டேன் லீலா. விட்டது நான், செத்தது மீன். இதுல என் கை எங்கே வருது? அப்படிப் பார்த்தா டெக்கா மார்க்கெட்ல வாரா வாரம் நீ வாங்குற வஞ்சிரம் மட்டும் தானா வந்து தற்கொலை பண்ணிக்கிச்சா? அதை நான்தான் சாப்பிடுறேன். அந்தக் கணக்கை அம்மன் எந்தப் பக்கம் எழுதுவா? கிண்டல் பண்ணலை. நிஜமாவே கேக்குறேன், எனக்குத் தலை சுத்துது.

அதோட, மிதக்குதேன்னு நானும் கண்டுக்காம இருந்தேன்னு நினைக்காதே. ரெண்டு மூணு ட்ரிப்பாவே அதுங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். வாயில செவப்பா தொங்குதுன்னு எழுதினியே, அது காத்துப்பை. அதுல காத்து அடைச்சுக்கிட்டுத்தான் மீன் முங்க மாட்டேங்குது. உன் தையல் டப்பாவிலேர்ந்து ஒரு தடி ஊசி எடுத்து வச்சிருக்கேன். பட்டுன்னு ஒரு குத்து, புஸ்ஸுன்னு காத்து இறங்கும். சில மீன் உடனே கீழே போயிருக்கு. இதை உன்கிட்டச் சொன்னா ஊசியை நீ திருப்பிக் கேப்பேன்னுதான் சொல்லலை.

வீட்டுக்கு வா, லீலா. சோறு வடிக்கவா குக்கர்ல வைக்கவாங்கிறதுகூட எனக்குத் தெரியலை. எதிர்வீட்டு அம்மா பரிதாபமாப் பார்க்குறாங்க.

உன் தனசேகரன்


ஃபேரர் பார்க்
16 மே 2025

என்னங்க,

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டாதீங்க. வஞ்சிரம் எனக்கும் அம்மனுக்கும் உள்ள வழக்கு, அதை நான் பேசித் தீர்த்துக்கிறேன். உங்க வழக்கு ஊசி.

காத்துப்பைன்னு எழுதினீங்களே, யார் சொன்னா உங்களுக்கு? எனக்குச் சந்தேகம் வந்து நேத்து டெக்காவுக்குப் போனேன். மீன் வெட்டுற சின்னராசுகிட்ட நோட்டுல எழுதிக் காட்டினேன். "வாய் வழியா செவப்பா பலூன் மாதிரி வருமே, அது என்ன?" அவரு கத்தியைக் கீழே வச்சிட்டு ஒரு களவா வயித்தைக் கீறி உள்ள எல்லாத்தையும் எடுத்துக் காட்டினாரு. அது வயிறுங்க! இரைப்பை! காத்துப்பை அதுக்குப் பின்னாடி முதுகு ஓரமா இருக்கு. அது வீங்கி வயித்தை வாய் வழியா வெளியே தள்ளிடுதாம். "அதைப் போய் யாரு அக்கா குத்துவாங்க?"ன்னு கேட்டாரு. என் புருஷன்தான்னு நோட்டுல எழுத எனக்கு வெக்கமா இருந்துச்சு.

கீழே போச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களே. ஓட்டை வயித்தோட போச்சு, அதுவும் என் ஊசியால.

எத்தனை மீனுக்குக் குத்தினீங்கன்னு எழுதாதீங்க. எனக்குத் தெரிய வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க விட்ட மீன்ல ஒண்ணாவது பிழைச்சுதுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் அந்த வீட்டுக்கு நான் வருவேன். இல்லைன்னா ஜூன் 20க்கு அப்புறமும் நான் இங்கேதான் இருப்பேன். உங்களுக்கு என்னமோ ஏதோன்னு பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டுச் சாக என்னால முடியாது.

சோறு குக்கர்லயே வைங்க. ஒரு கப்புக்கு ரெண்டு கப் தண்ணி.

லீலா


பூன் லே
24 மே 2025

லீலா,

ஒரு வாரமா பேனாவை எடுக்கவே கை வரலை. பதினொரு மீன். எழுதாதேன்னு நீ சொன்னாலும் எழுதிட்டேன், இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது. நல்லது பண்றேன்னு நினைச்சுக்கிட்டுப் பதினொரு தடவை குத்தியிருக்கேன். மன்னிச்சுடு. உன்கிட்டக் கேக்குறேனா மீன்கிட்டக் கேக்குறேனான்னு தெரியலை. ரெண்டு பேரும் சேர்ந்து மன்னிச்சுடுங்க.

ஃபாரூக்கோட மச்சான் அர்ஃபான் தெரியும்ல? கப்பலுக்கு அடியில முங்கிப் பழுது பார்க்குற வேலை. அவர் வீட்டுக்கு, புக்கிட் மேராவுக்கு, போய்க் கேட்டேன். அவர்தான் புரிய வச்சாரு. அம்பது அறுபது மீட்டர் ஆழத்துல தண்ணி நாலா பக்கமும் அழுத்துமாம். அந்தக் காத்துப்பை அங்கே சின்னதா அடங்கிக் கிடக்கும். நான் வீராதி வீரன் மாதிரி கடகடன்னு ரீலைச் சுத்தி மேல இழுக்க, அழுத்தம் குறையக் குறைய அது ஊதிக்கிட்டே வரும். "மனுஷன் நானே அவ்வளவு வேகமா மேல வந்தா ஆஸ்பத்திரிதான், அண்ணே. மீனு என்ன பண்ணும்?"ன்னாரு. மேல விட்டுட்டா அதால முங்கவே முடியாது. குத்துறதும் தெரிஞ்சவங்க தெரிஞ்ச இடத்துல பண்ணணும், நம்மள மாதிரி ஆளுங்க கையே வைக்கக்கூடாதாம்.

அப்ப என்னதான் வழி? திரும்பக் கீழே கொண்டு போய் விடணும். அவ்வளவுதான் வைத்தியம். கீழே போகப் போகத் தண்ணியே அமுக்கிக் காத்தைச் சின்னதாக்கிடும். வயிறு தானா உள்ளே போகும். அதுக்குன்னு கருவி விக்குதாம். அது இல்லாட்டி ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவுத்துப் போட்டு, விளிம்புல ஈயக்குண்டு கட்டி, மீனை அடியில விட்டுக் கயித்தால இறக்கினாலும் போதும். மீன் மேல மிதக்கப் பார்க்கும், கூடை அதைக் கீழே தள்ளிக்கிட்டே போகும். தெம்பு வந்ததும் அடிப்பக்கமா தானே நீந்திப் போயிடுமாம்.

இதை முன்னாடியே கேட்டிருக்கலாம். கேக்கணும்னே தோணலை லீலா. விட்டுட்டா போதும்னு இருந்துட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ட்ரிப் இருக்கு. கடைசி தடவையா வேணும்னாலும் இருக்கட்டும், கூடையோட போய்ப் பார்க்குறேன். கோவிச்சுக்காதே.

தனா


பூன் லே
2 ஜூன் 2025

லீலா,

போயிட்டு வந்தேன். நீ கேக்குற முன்னாடி நானே சொல்லிடுறேன், அது நாம அழுக்குத் துணி போட்டு வைக்கிற நீலத் துணிக்கூடைதான். வேற எதுலயும் களவா கொள்ளலை.

மொத்தம் நாலு மீன். முதல் ஒண்ணை நான் அவசரத்துல சரியா உள்ள விடலை. ஓரமா நழுவி மேல வந்துடுச்சு. கழுகு தூக்கிட்டுப் போச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஃபாரூக் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். மீதி மூணையும் பக்குவமா இறக்கினேன். முப்பது மீட்டர் கயிறு விட்டு, கொஞ்ச நேரம் பிடிச்சிருந்து, மேல இழுத்தேன். மூணு தடவையும் கூடை காலியா வந்துச்சு.

இப்ப நீ கேப்ப, பிழைச்சுதான்னு. எனக்கு எப்படி லீலா தெரியும்? கீழே போச்சு, திரும்ப வரலை. அவ்வளவுதான் நான் பார்த்தது. பிழைச்சா கடலுக்கடியில பிழைச்சிருக்கும், செத்தா கடலுக்கடியில செத்திருக்கும். அர்ஃபானைக் கேட்டா "நிறைய பிழைக்கும்ணே, எல்லாம்னு சொல்ல முடியாது"ங்கிறாரு. பொய் சொல்லி உன்னைக் கூட்டிக்கிட்டு வரலாம்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன். இனிமே நான் எப்படித்தான் காட்டுவேன்?

தனா


ஃபேரர் பார்க்
5 ஜூன் 2025

என்னங்க,

பொய் சொல்லாம இருந்தீங்களே, அதுக்கு நானும் ஒரு உண்மை சொல்லணும். ஒரு மாசமாப் பேசாம இருந்தா உள்ளுக்குள்ள கிடக்குறதெல்லாம் ஒண்ணொண்ணா மேல வருது.

அன்னிக்கு நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லைங்க. "இவர் கையால உயிர் போகாது"ன்னு சொன்னேனா, "இவர் இனிமே கடலுக்கே போகமாட்டார்"னு சொன்னேனா? ரெண்டும் மனசுல இருந்துச்சு. எது வாயில வந்துச்சுன்னு தெரியலை. ஏழு மணி நேரத்துல என்னென்னமோ சொன்னேன். நீங்க கண்ணைத் திறந்ததும், கடலை விடச் சொன்னா உங்க முகம் வாடிடுமேன்னு சின்னதைச் சொன்னேனோன்னு சந்தேகமா இருக்கு. அப்படின்னா ஒன்றரை வருஷமா நான்தானே அம்மனை ஏமாத்தியிருக்கேன்? உங்களைக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இல்லை, சின்னதைத்தான் வேண்டினேனோ? தெரியலை. கோயில்ல போய் உட்கார்ந்தா தலை வலிதான் வருது.

துணிக்கூடைக்கு உங்களை நான் சும்மா விடமாட்டேன். அது வேற.

லீலா


பூன் லே
9 ஜூன் 2025

அடிப்பாவி!

ஒன்றரை வருஷமா ஒரு வாக்கைச் சுமந்துக்கிட்டு அலையுறேன், அது எந்த வாக்குன்னே உனக்குத் தெரியாதா? முதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் சிரிப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் நீ அந்தக் கதவுக்கிட்ட ஏழு மணி நேரம் தனியா நின்னதை நினைச்சேன். நான் மயக்கத்துல சொகுசாக் கிடந்தேன். இதுவரைக்கும் அதைப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சந்தேகம்னு வந்துட்டா பெரிசையே எடுத்துக்குவோம். நான் கடலை விட்டுடுறேன். ராடு, ரீல், கூடை எல்லாத்தையும் நேத்து ஃபாரூக் வீட்டுல குடுத்தாச்சு. ஹலீமா ஹஜ்ஜுப் பெருநாள் பிரியாணி மிச்சம் வச்சிருந்தா, சாப்பிட்டுட்டு வந்தேன். வர்ற சனிக்கிழமை ட்ரிப்ல என் இடம் இருந்துச்சு. அதையும் வேண்டாம்னுட்டேன். "சரி, வேற ஆளைப் பார்த்துக்கிறேன்"னான் ஃபாரூக்.

இது உன்னைக் கூப்பிட வீசுற தூண்டில் இல்லை, லீலா. எனக்கு மீனைவிட நீ முக்கியம். இதைச் சொல்ல ஒரு லெட்டர் எழுத வேண்டியிருக்கு பாரு.

இன்னும் பதினொரு நாள் இருக்கு. அந்தக் கெட்ட வார்த்தையைக் கேக்கக் காத்துக்கிட்டிருக்கேன்.

தனா


ஃபேரர் பார்க்
15 ஜூன் 2025

என்னங்க,

உங்க இடத்துல போன ஆளு நான்தான்.

ஹலீமா வந்து சொன்னா. ராடைக் குடுக்கும்போது நீங்க கூடையை மட்டும் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தீங்களாம். காட்ட முடியாதுன்னு எழுதினீங்களே, நானே போய்ப் பார்த்துடுறேன்னு தோணிச்சு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவகிட்டயும் அண்ணன்கிட்டயும் நோட்டுல எழுதிக் காட்டியே சத்தியம் வாங்கிட்டேன். அவங்களைத் திட்டாதீங்க.

ஜொகூர் பாலத்து எல்லையில இமிகிரேஷன் ஆபீசர் என்னமோ கேட்டாரு. நான் நோட்டை நீட்டினேன். அவரு ஹலீமாவைப் பார்த்தாரு. "மௌன விரதம்"னு சொல்லி, மலாய்ல அவருக்கு விளக்கி முடிக்கிறதுக்குள்ள பின்னாடி நிக்கிற கூட்டமே சிரிச்சிடுச்சு. அங்கிருந்து படகு கிளம்புற சிடிலி வரைக்கும் வேன். படகு ஏறினதும் வாந்தி. வாந்தி எடுத்தா மௌனம் கலைஞ்சுடுமான்னு வேற கவலை. நீங்க எப்படித்தான் இதை ஆசைப்பட்டுப் பண்றீங்களோ, எனக்கு விளங்கவே இல்லை.

உங்க ராடை ஹலீமாதான் பிடிச்சா. பத்து மணி இருக்கும், ஒரு களவா வந்துச்சு. அண்ணன் "தங்கச்சி, இது உங்க மீன்"னு கூடைக்கு அடியில விட்டுக் கயித்தை என் கையில குடுத்தாரு. அதைப் பக்கத்துல பார்த்தேன். கண்ணு வீங்கி, வாயில அது தொங்கிக்கிட்டு, மூச்சுக்குத் திணறிக்கிட்டு. ஆபரேஷன் முடிஞ்சு முதல்ல உங்களைக் காட்டினாங்களே, வாயில குழாயோட, முகமெல்லாம் வீங்கி, நீங்க அப்படித்தான் கிடந்தீங்க. அன்னிக்கு உங்களைத் தொட விடலை. பேசவும் விடலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன்.

கயித்தை விட்டேன். கூடை ஓட்டை வழியா அதோட கண்ணு தெரிஞ்சுது. கொஞ்சம் கொஞ்சமாப் பச்சைத் தண்ணிக்குள்ள போகுது. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலைங்க. "போ கண்ணு! போ! போய்டு!"ன்னு கத்திட்டேன். படகே அதிர்ந்துச்சுன்னு ஹலீமா சொல்றா. கத்தி முடிச்ச பிறகுதான் என் குரலே எனக்குக் கேட்டுச்சு. நாப்பத்திரண்டாவது நாள். இன்னும் ஆறு நாள் பாக்கி.

கூடையை இழுத்தேன். காலியா வந்துச்சு. அது பிழைச்சுதான்னு எனக்கும் தெரியலை. விரதம் போச்சா இருக்கான்னும் தெரியலை. அம்மன் என்ன கேட்டா, நான் என்ன குடுத்தேன், ஒண்ணும் புரியலை. ஆனா வாந்தியும் மயக்கமுமா வீடு திரும்பினப்போ, நெஞ்சுல இருந்த பயம் இல்லை. அது மட்டும் தெரியுது.

கடலை விட வேண்டாம். கூடையில்லாமப் போகாதீங்க, அது போதும். கூடையைக் கழுவிக் காய வச்சிருக்கேன். என்னால தூக்கிக்கிட்டு எம்ஆர்டி ரயில் ஏற முடியாது. இது கையில கிடைச்சதும் தாரணிக்கு ஒரு போன் போட்டுட்டு ஃபேரர் பார்க் ஸ்டேஷன்ல வந்து இறங்குங்க, நானும் பையோட வந்து நிக்கிறேன். நேத்து கத்தினதுக்கு அப்புறம் தாரணிகிட்டகூட வாய் திறக்கலை. ரெண்டாவது வார்த்தை உங்களுக்காக அப்படியே இருக்கு.

முதல் வார்த்தை உங்களுக்குன்னுதான் வச்சிருந்தேன். அதை ஒரு மீனுக்குக் குடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க.

லீலா